பன்னிரண்டு வரிப் பலகை

1916 மே 2, செவ்வாய். இன்று ஒரு பிழை கண்டேன். வகுப்பறைச் சுவர்ப்படத்தில் கூத் ஊருக்குக் குத்தவேண்டிய சிவப்பு ஊசியை ஆற்றின் ஒரு வளைவு மேலே தள்ளிக் குத்தியிருக்கிறேன். டிசம்பரிலிருந்து அது அப்படியே நின்றிருக்கிறது. ஐந்து மாதமாக யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. பிடுங்கிச் சரியான இடத்தில் குத்தினேன். பழைய துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். மற்ற ஊசிகளையும் சரிபார்க்க வேண்டும்.

சத்தியநேசன் இவ்வளவையும் பாளையங்கோட்டை மாலை வகுப்பு மண்டபத்தில், ஆளில்லாத பெஞ்சில் உட்கார்ந்து தன் நாட்குறிப்பில் எழுதினான். எழுதிய பிறகுதான், அன்றைய பெரிய செய்தியை எழுதவே இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. கூத் விழுந்துவிட்டது. பாக்தாத்துக்குப் போகும் வழியில், அந்த ஊருக்குள் ஐந்து மாதமாக முற்றுகையில் இருந்த நம் படை முழுவதும் துருக்கரிடம் சரணடைந்துவிட்டது. அந்தப் படையின் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலையில் அவனுடைய அக்காள் புருஷன் கிருபைராஜ் இருந்தார்.

மாலை நாலரை மணிக்கு வாசகசாலையில் வைத்துத் தபாலாபீஸ் சிவசைலம்தான் சொன்னார். மதராஸ் பத்திரிகை ரயிலில் வந்து இறங்கியதும் முதலில் பிரித்துப் பார்ப்பவர் அவர். யாரையும் கேலி செய்யாமல் பேச்சைத் தொடங்காத மனிதர், அன்று பத்திரிகையை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, "கூத் விழுந்துட்டு வே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தெருவில் போன மாட்டுவண்டியைப் பார்த்தார். சத்தியநேசன் சரி என்றான். மண்டபத்துச் சாவி அவனிடம்தான் இருந்தது. ஊர் கைமாறினால் சிவப்பு ஊசியை எடுத்துவிட்டுக் கறுப்பு ஊசி குத்துவது அவன் வேலை. போய்க் கதவைத் திறந்தான். எடுக்கப் போன இடத்தில்தான் ஊசி தப்பாக நிற்பது தெரிந்தது. கறுப்பு ஊசியை எடுக்க மறந்து, சிவப்பையே சரியான இடத்தில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

ஜனவரியில் ஒரு பகல் அக்காள் சாலோமி இந்தப் படத்தைப் பார்க்க வந்திருந்தாள். முற்றுகைக்கு முன்னால் கிருபைராஜ் எழுதிய கடிதம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. நம்ம ஏரல் பக்கம் ஆறு வளைகிற மாதிரி இங்கேயும் வளைகிறது, ஊருக்கு மூன்று பக்கமும் தண்ணீர் என்று அதில் எழுதியிருந்தார். சாலோமி அந்த வளைவைத் தேடி, ஊசியின் அடியில் விரலை வைத்து வெகுநேரம் நின்றாள். அவள் விரல் வைத்ததும் தப்பான வளைவில்தான். சத்தியநேசன் இதை நினைத்துப் பார்த்தான். நினைத்ததில் ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் சுண்ணாம்பில் காய்ந்து விறைத்திருந்தது.

அவன் சர்க்கார் கச்சேரியில் நகல் எழுத்தன். பகல் முழுவதும் பிறர் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் பெயர்த்து எழுதுவது தொழில். செவ்வாய், வெள்ளி மாலைகளில் இந்த வகுப்பு. சண்டை தொடங்கிய வருஷம் மிஷன் மண்டபத்தில் ஆரம்பித்தது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து விஸ்வேஸ்வரையர் என்ற சரித்திர புரொபசர் வில்வண்டியில் வந்து, ஐரோப்பிய வல்லரசுகளின் போக்கைப் பற்றி இங்கிலீஷில் ஒன்றரை மணி நேரம் பேசுவார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கடைக்காரர்களுமாகப் பதினெட்டுப் பேர் கேட்பார்கள். இங்கிலீஷ் போதாதவர்களுக்காக மறுநாள் காலையில் பேச்சின் சாரத்தைத் தமிழில் சுருக்கி வாசகசாலைக் கரும்பலகையில் எழுதுவது சத்தியநேசன் பொறுப்பு. பலகை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. எழுத்துப் பழகுவதற்காக அதில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். பன்னிரண்டு கோடு. அதனால் உலகத்தில் என்ன நடந்தாலும் பன்னிரண்டு வரி.

இதற்கென்று அவன் ஒரு முறை வைத்திருந்தான். நோட்டின் இடப்பக்கத்தில் புரொபசர் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுவான். வலப்பக்கத்தில் பலகைக்கு வேண்டியதை மையால் எழுதுவான். பலகையில் ஏறியபின் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் இடப்பக்கத்தில் இருந்ததையெல்லாம் பலகையிலும் கொண்டுவர முயன்றதுண்டு. புரொபசர் ஒன்றைச் சொன்னால் அதோடு இரண்டு நிபந்தனையும் சேர்த்துத்தான் சொல்வார். ருஷ்யப் படை மலையைத் தாண்டினால் இன்னது நடக்கும் என்று ஒருமுறை பலகையில் எழுதிவிட்டு, தாண்டியதா, தாண்டியதா என்று கடைத்தெருவில் எட்டு நாள் பதில் சொல்ல முடியாமல் அவன் முழித்தான். "உம்ம பலகையில வருதது செய்தியா, பஞ்சாங்கமா வே?" என்று சிவசைலம் எல்லோர் முன்னாலும் கேட்டார். மழை பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும் என்று தானும் ஒரு வரி தருவதாகச் சொன்னார். வாசகசாலையே சிரித்தது. அன்றோடு நிபந்தனைகள் இடப்பக்கத்திலேயே தங்கிவிட்டன. படித்தவர்கள் நேரில் கேட்டுக்கொள்ளட்டும், பலகைக்கு முடிவு போதும் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தையும் தேதியிட்டு எழுதி வைத்தான்.

மற்ற ஊசிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தான் அல்லவா, அதற்காகப் பழைய நோட்டை எடுத்தான். ஒவ்வொரு ஊசிக்கும் தேதி பார்த்துக்கொண்டே வந்தவன், 1915 ஆகஸ்ட் 6 என்ற இடத்தில் நின்றான். வலப்பக்கம் அவனுக்கு மனப்பாடம். துருக்கியின் பலம் தேய்ந்துவிட்டது, ஆற்றை ஒட்டி நம் படை மேலே போகிறது, ஆண்டு முடிவதற்குள் பாக்தாத் கைப்படும், அத்தோடு அந்தப் பக்கத்துச் சண்டை ஓயும். பன்னிரண்டு வரியின் சாரம் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை கிருபைராஜ் மருந்து வாங்குவதற்காக ஏரலிலிருந்து வந்திருந்தார். அங்கே மருந்துச்சாலையில் தற்காலிகக் கம்பவுண்டர். பட்டாளத்தோடு ஒரு வருஷம் போய்வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போவதா வேண்டாமா என்று ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தவர், பலகையைப் படித்துவிட்டு நேரே சத்தியநேசன் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே நேசன், இது புரொபசர் சொன்னதா, நீயாச் சொன்னதா?"

"புரொபசர் சொன்னதுதான் அத்தான்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார். சாலோமி ஏரல் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பியிடம் வந்துவிட்டாள்.

கிருபைராஜுக்குக் கொடுத்த பதிலைச் சத்தியநேசன் இந்த ஐந்து மாதத்தில் பலமுறை நினைத்திருக்கிறான். பொய் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் முடிவு செய்தான். புரொபசரும் தவறக்கூடும், அவ்வளவுதானே. அப்படியும் இடப்பக்கத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை. இப்போது நோட்டு விரிந்து கிடந்ததால் பார்த்தான். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. ஆண்டு முடிவதற்குள் பாக்தாத் கைப்படலாம். ஆனால் மழைக்காலம் வரை ஆற்றில் தண்ணீர் இருந்தால். படகுகள் இப்போது இருப்பதைப்போல இரண்டு பங்கு வந்தால். வடக்கே ருஷ்யர் துருக்கரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தால். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மேலே போகும் படை திரும்பி வருவது கடினம்.

கடைசி வாக்கியத்தின் கீழே அவனே கோடு இழுத்திருந்தான். எதற்காக இழுத்தான் என்பது நினைவில்லை.

ஆறு மணிக்கு வகுப்பு நிறைந்தது. விஸ்வேஸ்வரையர் வந்ததும் படத்தைத்தான் பார்த்தார். சிவப்பு ஊசி இன்னும் நிற்பதைக் கண்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். பதினொரு வருஷத்துக்கு முன் ஜப்பான் ருஷ்யாவைத் தோற்கடித்தபோதே கீழ்த்திசையில் தராசு அசைந்துவிட்டது என்றார். கூத் விழுந்ததால் சீமையின் மதிப்புக்குக் குறைவு, ஆனால் பலத்துக்குப் பெரிய குறைவில்லை. மதிப்பு வேறு, பலம் வேறு. ஐரோப்பா இப்படியே இரண்டு மூன்று வருஷம் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தால், உலகத்தின் நாட்டாண்மை கடலுக்கு அப்பால் அமெரிக்காக்காரன் கைக்குப் போகும். அவன் அதை விரும்பினால் என்று சேர்த்துக்கொண்டார். ஓர் ஆற்று வளைவில் இருக்கிற சிற்றூர் இந்தக் கணக்கில் மிகச் சிறிய எண் என்றும் சொன்னார். சத்தியநேசன் சிறிய எண் என்று எழுதினான். பென்சில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு தமிழ் வாத்தியார் எழுந்து, பாக்தாத்தே கிடைக்கும் என்று போன ஆகஸ்டில் சொன்னீர்களே என்று மரியாதையாகத்தான் கேட்டார். பலகையில் தாமே படித்ததாகச் சொன்னார். நாலைந்து தலைகள் ஆடின. புரொபசரின் முகம் சற்றுச் சிவந்தது. தாம் நிபந்தனையில்லாமல் எதையும் சொல்லும் வழக்கமில்லை என்றார். பிறகு முன்பெஞ்சைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் மாசக் குறிப்பு உம்ம கையில இருக்கா ஓய்? இருந்தா வாசியும்."

பழைய நோட்டும் மடியிலேயே விரிந்திருந்தது. வலப்பக்கத்தை வாசித்தால் புரொபசர் பொய்யராவார். இடப்பக்கத்தை வாசித்தால் யார் என்ன ஆவார் என்பது அந்த மண்டபத்தில் சத்தியநேசன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எழுந்து நின்று இடப்பக்கத்தை வாசித்தான். கச்சேரியில் நகலையும் மூலத்தையும் ஒத்துப் பார்க்கும்போது வாசிக்கிற குரல் அது, ஏற்றமும் இறக்கமும் இருக்காது. தண்ணீர், படகு, ருஷ்யர் என்று மூன்றும் வந்தன. கோடு போட்ட வாக்கியமும் வந்தது.

"பார்த்தீரா?" என்றார் விஸ்வேஸ்வரையர் வாத்தியாரிடம். அவருக்கு மனம் லேசாகிவிட்டது தெரிந்தது. குறிப்பெடுத்தவனின் நேர்மையைப் பாராட்டினார். இந்த மூன்றும் எப்படித் தவறின என்று ஒவ்வொன்றாக விளக்கவும் செய்தார். ஆற்றில் தண்ணீர் வற்றியது, படகு போதவில்லை, ருஷ்யர் வந்து சேரவில்லை. தாம் சொன்னது பிசகவில்லை என்பதில் அவருக்கு உண்மையான சந்தோஷம். அதில் தப்பில்லை என்றுதான் சத்தியநேசனுக்கும் தோன்றியது. சிவசைலம் மட்டும் திரும்பி அவனைப் பார்த்தார். பஞ்சாங்கம் என்று தாம் கேலி செய்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து மேல்துண்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிகிற நேரத்தில் அகமது மீரான் எழுந்தார். மேலப்பாளையத்துக்காரர், பாளையங்கோட்டைச் சந்தையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். துருக்கியைப் பற்றிய பேச்சு வருகிற நாளெல்லாம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். இஸ்தான்புல் சுல்தான் அவருக்குக் கலீபா, மார்க்கத் தலைவர். கூத்துக்குள் அடைபட்டிருப்பவர்களில் சத்தியநேசனின் அத்தானும் ஒருவர் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பார்த்துப் பேசாமலிருப்பவர் அன்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிடிபட்டவங்களை எங்கன கொண்டு போவாவ, சார்?"

அதற்குப் புரொபசர், செய்தி எதுவும் வரவில்லை என்றார். வல்லரசுகள் கூடிச் செய்த உடன்படிக்கைப்படி கைதிகளுக்குத் துருக்கர் சோறும் மருந்தும் தரக் கடமைப்பட்டவர்கள். அந்த உடன்படிக்கையை மதித்தால், அவர்களிடமே தானியம் இருந்தால், வெயில் ஏறுவதற்குமுன் படகிலோ ரயிலிலோ கொண்டுபோனால், பெரும்பாலோர் பிழைப்பார்கள். நடத்திக் கொண்டுபோனால் சொல்வதற்கில்லை. சத்தியநேசன் இதையும் இடப்பக்கத்தில் எழுதினான். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அகமது மீரான் போகும்போது அவன் தோளில் கையை வைத்தார்.

எல்லோரும் போனபிறகு அவன் சிவப்பு ஊசியை எடுத்துக் கறுப்பைக் குத்தினான். கதவைப் பூட்டிப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். வீடு இரண்டு தெரு தள்ளி. உள்ளே விளக்கு எரிந்தது. சாலோமி அடுப்படியில் இருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது, குருவானவரின் மனைவி வந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தாள். சாலோமி அழுத மாதிரித் தெரியவில்லை. வழக்கமான வகுப்பு நாட்களில் கேட்பதையே கேட்டாள்.

"புரொபசர் என்ன சொன்னாவ?"

எப்போதும் வலப்பக்கத்தைத்தான் சொல்வான். அன்று வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. விளக்கருகே உட்கார்ந்து அன்றைய இடப்பக்கத்தை முழுவதும் தமிழில் வாசித்தான். நடத்திக் கொண்டுபோனால் சொல்வதற்கில்லை என்கிற இடத்தில் குரல் தாழவில்லை, வேகம் மட்டும் கூடியது.

"பைய வாசி," என்றாள் சாலோமி. மறுபடியும் வாசித்தான்.

பிறகு அவள் கேட்காமலே பழைய நோட்டைப் பிரித்து ஆகஸ்ட் ஆறை வாசித்தான். எது பலகையில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று சொன்னான். தண்ணீரும் படகும் ருஷ்யரும் எப்படித் தவறின என்று புரொபசர் விளக்கியதைச் சொன்னான். பலகையில் பன்னிரண்டு கோடுதான் உண்டு என்பதையும் சொன்னான். அத்தான் வந்து கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னான். சொல்லி முடித்ததும், ஏதாவது வரும் என்று காத்திருந்தான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். சாலோமி எழுந்துபோய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்தாள். வரும்போது கையில் அவளுடைய வேதப்புத்தகம் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விளக்கடியில் விரித்தாள்.

கிருபைராஜின் கையெழுத்து. பலகையின் பன்னிரண்டு வரியையும் வரி பிசகாமல் பெயர்த்து எழுதியிருந்தார். மடிப்புகள் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய் ஏறியிருந்தது. சாலோமி அதைத் தினமும் எடுத்துப் படித்திருக்கிறாள் என்பதைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம்.

"அவிய இதை எனக்கு வாசிச்சுக் காட்டினாவ. நான்தான் போங்கன்னு சொன்னேன். இதைப் பார்த்துத்தான் சொன்னேன்."

சத்தியநேசன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குள் எதையோ தேடினான், அகப்படவில்லை. பன்னிரண்டாம் வரிக்குக் கீழே நாலு விரல் இடம் இருப்பது மட்டும் கண்ணில் பட்டது.

"அந்த மூணையும் இதுல எழுது," என்றாள்.

"இப்ப எழுதி என்னக்கா?"

"நீ எழுது. இனிமே முழுசாப் படிக்கேன்."

மைக்கூட்டை எடுத்துவந்து எழுதினான். மூன்று நிபந்தனையும் கோடிட்ட வாக்கியமும் அந்த நாலு விரல் இடத்தில் சரியாக அடங்கின. மை காயும்வரை சாலோமி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் மடிக்காமல் வேதப்புத்தகத்தின் மேல் வைத்தாள். புதன்கிழமை ஜெபத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்களைக் குருவானவர் வாசிப்பார் என்றும், அது நாளைக்குத்தான் என்றும் பிறகு நினைவு வந்தவளாகச் சொன்னாள். படையில் இருப்பவர்கள் ஒரு வரிசை, இறந்தவர்கள் ஒரு வரிசை என்று இரண்டுதான் இதுவரை. அவரை எதிலும் சேர்க்கக்கூடாது, சிறைப்பட்டவர் என்று தனியாக வாசிக்கவேண்டும் என்று நீயே போய்ச் சொல்லிவிடு என்றாள். கைதிகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் கிடைக்கும் என்று கேட்டாள். பட்டாளத்து அலுவலகத்துக்கு மனுப் போட்டுக் கேட்கலாம், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றான். அவள் தலையாட்டினாள். அவனுக்குச் சோறு போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு இல்லை.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, நாட்குறிப்பில் மாலை தொடங்கிய பக்கத்திலேயே சத்தியநேசன் மிச்சத்தையும் எழுதினான்.

கூத் விழுந்தது. ஆகஸ்ட் 6 இடப்பக்கத்தை வகுப்பிலும் வீட்டிலும் வாசித்தேன். அக்காளிடம் எல்லாம் சொன்னேன். அக்காள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்றும் தெரியவில்லை. மற்ற ஊசிகளை இன்னும் சரிபார்க்கவில்லை.

நாளை காலையில் முதலில் குருவானவரைப் பார்த்து அத்தான் பெயரைச் சிறைப்பட்டவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மனு இரண்டு பிரதி எழுத வேண்டும். பலகையில் இன்றைய பேச்சை நிபந்தனைகளோடு எழுத வேண்டும். பன்னிரண்டு வரியில் அடங்காது, பின்பக்கமும் வேண்டும். அதற்குப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றி நடுவில் நிறுத்த வேண்டும். நாலு ஆணி பிடுங்க வேண்டும். அகமது மீரான் அண்ணாச்சி கடையில் குறடு கேட்க வேண்டும்.